யாருக்குப் பத்தவில்லை?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு. ஊர் ஏரியைப் பற்றிய கட்டுரையில் "இந்த வருசம் தண்ணி பத்தல" என்று எழுதிவிட்டாள். ஆசிரியை அதை அடித்து, "நீர் பற்றாகுறை நிலவியது" என்று திருத்தியிருக்கிறார். 'பத்தல' கொச்சையா? பற்றாகுறையும் தட்டுப்பாடும் ஒன்றா? அதியமானும் ஔவையும் வாழ்ந்த தகடூர் மண்ணில் தமிழ் இப்படித் தேயலாமா?

ஒரு வாசகி, ஊத்தங்கரை

அன்புள்ள அம்மா,

முதலில் ஒரு குட்டு. நீர்ப் பற்றாக்குறை. பற்றாத குறை, 'த' கெட்டுப் பற்றாக்குறை. செல்லாக்காசு போல வல்லினம் மிக வேண்டும். ஆசிரியையின் திருத்தத்தில் இரண்டு எழுத்து பற்றாக்குறை. அதைப் பார்த்து எழுதிய நீங்களும் கவனிக்கவில்லை.

அதியமானை விடுங்கள். நம்மவர்கள் வாயைத் திறந்தாலே நெல்லிக்கனி விழுகிறது.

கையில் காசிருந்தும் கடையில் சரக்கு இல்லையென்றால் தட்டுப்பாடு. கிடைத்தும் போதவில்லை என்றால் பற்றாக்குறை. இதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

நேற்று நேத்தானது போல, காற்று காத்தானது போல, பற்றல பத்தல ஆனது. பற்றுதலுக்குப் போதுதல் என்றும் ஒரு பொருள். "தண்ணீர் பற்றவில்லை" என்று எழுதச் சொன்னால் முடிந்தது. அதைவிட்டு, நிலவியதாம்!

என் ஆத்திரம் வேறு. 'பத்தல' என்று சொன்னதுமே எதிரில் இருப்பவர் "யாருக்கு?" என்பார். எனக்குப் பத்தல, மாட்டுக்குப் பத்தல என்று ஆள் வந்தாக வேண்டும். பற்றாக்குறை என்று பெயராக்கியதும் ஆள் கழன்றுகொள்கிறார். வானிலைத் துறைக்கு மழை இயல்பைவிட 20 விழுக்காடு குறைந்தால்தான் பற்றாக்குறை. 19 வரை இயல்பு மழை. அது அவர்கள் வேலைக்குச் சரி. உங்கள் மகளின் ஏரி அந்தக் கணக்கில் வராது.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள். மண்டியிலிருந்து பழத்தை எடைபோட்டு எடுத்துவந்து, ஓடுடைத்து, கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்துத் திருப்பித் தர வேண்டும். பழத்தில் ஏறக்குறைய 55 விழுக்காடுதான் சதை. மீதி கொட்டை, ஓடு, நார். 40 கிலோ பழத்துக்கு 22 கிலோ புளி என்பது மண்டிக் கணக்கு. ஒருமுறை அம்மா கொண்டுபோனது 20 நின்றது.

"ஏம்மா, ரெண்டு கிலோ பத்தலியே."

"வெயில்ல காஞ்சி போச்சு மொதலாளி."

"வெயிலு எனக்கும்தான் அடிக்குது."

அம்மா திரும்ப ஒன்றும் சொல்லவில்லை. புளிப் பிசின் ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கணக்குப்பிள்ளை நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'குறை 2' என்று எழுதினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். வெயில் எடுத்ததா, அவள் எடுத்ததா என்று அந்த நோட்டில் இல்லை. கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

வழியில் அம்மா கேட்டாள், "என்னா எழுதினாரு?" நான் புளியங்கொட்டையை உதைத்துக்கொண்டே நடந்தேன்.

ஆசிரியையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மகளிடம் அந்த வரியை இன்னொரு தடவை எழுதச் சொல்லுங்கள், முன்னால் 'எங்களுக்கு' என்று ஒரு சொல் சேர்த்து.