கேளுங்க தம்பி: பயூவுக்கு எந்தக் கயாக்?

கேள்வி: அண்ணே, டெக்சஸில் பியர்லாந்துக்குக் குடிவந்து 2 வருஷமாகிறது. கரையில் நின்று தூண்டில் போட்டுச் சலித்துவிட்டது. ஆர்மண்ட் பயூ என்கிற மந்தமாக ஓடும் ஓடையிலும், கால்வெஸ்டன் தீவுக்குப் பின்பக்கம் இருக்கும் ஆழமில்லாத தண்ணீரிலும் மீன் பிடிக்க ஒரு கயாக் (ஒற்றை ஆள் துடுப்புப் படகு) வாங்கலாம் என்றிருக்கிறேன். என் எடை 190 பவுண்டு, கார் கேம்ரி. கடையில் காலால் மிதித்து ஓட்டும் 13 அடி பெடல் கயாக் ஒன்றைக் காட்டினார்கள். பார்த்ததும் மனசு அதில் விழுந்துவிட்டது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், பியர்லாந்து

பதில்: நீளம் சொன்னீர்கள், உங்கள் எடை சொன்னீர்கள், கார் சொன்னீர்கள். படகின் எடையைச் சொல்லவில்லையே தம்பி! நானும் கேட்காமல்தான் வாங்கினேன். 13 அடி, பெடலும் சீட்டும் சேர்த்து 120 பவுண்டு. முதல் நாள் பக்கத்து வீட்டுப் பையன் கைகொடுத்ததில் கார் மேல் ஏறிவிட்டது. திரும்பும்போது நான் தனி ஆள். 5 மணி நேரம் வெயிலில் இருந்த உடம்பு, படகெல்லாம் சேறு, கையில் இறால் வாடை. ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை வழுக்குகிறது. யாராவது வருவார்களா என்று முக்கால் மணி நேரம் பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அந்தப் படகு கராஜை விட்டு வெளியே வந்தது, என் மனைவி அதன் மேல் வேட்டி விரித்து வடகம் காயவைத்த அன்றைக்குத்தான். கடைசியில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அதனால் கேம்ரி மேல் தனியாக ஏற்றப்போகிறவருக்கு நான் சொல்லும் கணக்கு, சீட்டைக் கழற்றிய பிறகு 70 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். பின்பக்கக் கண்ணாடி மேல் ஒரு பழைய குளியலறை ரப்பர் விரிப்பைப் போட்டு, படகின் மூக்கை அதில் சாய்த்துவிட்டு, பின்னால் போய்த் தள்ளினால் ஏறிவிடும். முழு எடையையும் ஒரே மூச்சில் தூக்க வேண்டியதில்லை. பெரிய படகுதான் வேண்டும் என்றால் சின்ன டிரெய்லருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வேறு தண்ணீர். ஆர்மண்ட் பயூவில் பே ஏரியா பார்க்கிலிருந்து இறங்கினால் இருபுறமும் மரம், நீரோட்டம் மந்தம், காற்றும் அவ்வளவாகத் தெரியாது. 10 அடிப் படகு அங்கே மூலைமுடுக்கெல்லாம் திரும்பும். முதலை உண்டு, விலகிப் போனால் அதுவும் விலகிப் போகும். தீவுக்குப் பின்பக்கம் கதை வேறு. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், மதியம் தென்கிழக்குக் காற்று ஏறியதும் நுரை தள்ளும். குட்டையான அகலப் படகில் துடுப்புப் போட்டால், போடுகிறோமே தவிரக் கரை கிட்ட வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 12 அடி, 33 அல்லது 34 அங்குல அகலம். எழுந்து நின்று பார்க்க அந்த அகலம் போதும். ரெட்ஃபிஷ் முழங்கால் ஆழத்தில் மேயும்போது வால் மட்டும் வெளியே தெரியும், உட்கார்ந்த கண்ணுக்கு அது சிக்காது. (ரெட்ஃபிஷ் நம்மூர்க் கத்தாழை மீனின் குடும்பம்தான். குழம்புக்கு மோசமில்லை.)

உள்ளே இறங்கி உட்காரும் வகை வேண்டாம். மேலே ஏறி உட்காரும் வகையை வாங்குங்கள். அது நம் கட்டுமரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. கட்டுமரத்தில் ஏறும் அலை கட்டைகளின் இடுக்கில் இறங்கிவிடும், இதில் அடியில் விட்டிருக்கும் துளைகள் வழியாக இறங்கும். கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம்.

350 பவுண்டு தாங்கும் என்று ஒட்டியிருந்தால் அதில் முக்கால் பங்குகூட ஏற்றாதீர்கள். நீங்கள் 190, ஐஸ் பெட்டி, தண்ணீர், தூண்டில்கள், நங்கூரம் எல்லாம் 50, ஆக 240. அதற்கு 350 சரி. அதே சுமையை 275 பவுண்டு மட்டுமே தாங்கும் படகில் ஏற்றினால் துளை வழியாகத் தண்ணீர் மேலே வந்து பின்பக்கத்தை நனைக்கும்.

பெடலைப் பற்றி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஹோபி கம்பெனி 1997-ல் கொண்டுவந்த பெடல், பெங்குவின் சிறகு மாதிரி அடியில் அசையும். மற்ற பல கம்பெனிகள் சுழலும் விசிறி வைக்கிறார்கள். எதுவானாலும் கை ஓய்வாக இருக்கும், எதிர்காற்றில் போய்க்கொண்டே தூண்டில் வீசலாம். ஆனால் அந்த உறுப்பு படகுக்கு அடியில் ஓரடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மீன் இருப்பதோ சிப்பிப் பாறைகளுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில்! 'கரக்' என்று ஒரு சத்தம், அப்புறம் பெடலை மேலே தூக்கிவிட்டுத் துடுப்புதான். முதல் படகுக்கு 2,000 டாலருக்கு மேல் போட வேண்டாம் என்பேன். பழைய துடுப்புப் படகு ஒன்றைப் பிடியுங்கள், மிச்சத்தில் கொஞ்சத்தை நல்ல துடுப்புக்குச் செலவழியுங்கள். அகலப் படகு, உயரச் சீட்டு என்றால் 250 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். குட்டையாக இருந்தால் விரல்முட்டி படகின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும்.

பழசு பார்க்கப் போகும்போது படகைக் கவிழ்த்துப் போட்டு, பின்முனையின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சிமென்ட் தரையில் இழுத்தே வந்தவர் என்றால் அங்கே தேய்ந்து காகிதமாகியிருக்கும். தள்ளுவண்டியின் கம்பிகளைத் துளைகளில் செருகுபவர்கள் நிறையப் பேர், அதில் துளையோரம் மயிரிழை போல விரிசல் விடும். மூடியைத் திறந்து உள்ளே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மேல்கீறல்கள் பரவாயில்லை. சிப்பி கீறாத படகு தண்ணீருக்கே போகாத படகு.

கேள்வி: எனக்கு நீச்சல் அரைகுறை. கயாக்கில் போகலாமா?
– ஒரு வாசகி, ஷுகர்லாந்து

பதில்: போகலாம்மா. உயிர்காப்பு அங்கி படகில் கிடந்தால் சட்டத்துக்குப் போதும், உங்களுக்குப் போதாது. மாட்டிக்கொண்டே இருங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஆள் துணையோடு வேண்டுமென்றே நாலு தடவை கவிழ்ந்து ஏறிப் பழகுங்கள். வாடைக்காற்று கிளம்பும் நாளில் போகாதீர்கள். இங்கே அலையேற்றம் ஓரிரு அடிதான், வடக்குக் காற்றுதான் தண்ணீரை விரிகுடாவிலிருந்து வழித்துக்கொண்டு போகிறது. ஒரு டிசம்பரில் கிறிஸ்மஸ் விரிகுடாவில் என்னைச் சேற்றில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டது. இறங்கினால் முழங்கால் வரை புதைகிறது. கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்து வந்தேன். கனமான அடிப்பாகமுள்ள பூட்ஸ் போட்டிருந்ததால் கால் தப்பியது, சிப்பி கத்தி மாதிரி இருக்கும்.

கேள்வி: சின்ன பேட்டரி மோட்டார் மாட்டினால் பதிவு செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகர், கேட்டி

பதில்: வேண்டும். வெறும் துடுப்புப் படகுக்கு டெக்சஸில் பதிவு கிடையாது. மோட்டார் ஏறினால், அது எத்தனை சின்னதானாலும், பதிவெண் ஒட்ட வேண்டும். 17 வயது ஆகிவிட்டால் மீன்பிடி உரிமமும் வேண்டும், அதிலும் உப்புத்தண்ணீருக்குத் தனி ஒப்புதல். ரெட்ஃபிஷ் 20 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் திரும்ப விட்டுவிடுங்கள். அளக்கும் பலகையைச் சீட்டுக்குக் கீழேயே கட்டிவையுங்கள், மீன் துள்ளும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.