அப்பாவின் ஹெரால்டுக்கு ஆறு லட்சம்: எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 49. திருச்சியில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 24,000, குடும்பச் செலவு 40,000, எஸ்.ஐ.பி. 10,000. மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரிப் படிப்புக்காக 5 லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான என் தந்தை 1970-இல் வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கிறது. சீரமைக்க 6 லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். அதில் பெயின்டிங் மட்டும் 1.4 லட்சம். 50,000 ரூபாய்க்குக் கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கி நானே அடித்தால் 90,000 மிச்சமாகும். முடித்த காருக்கு 10 லட்சம் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். இதை முதலீடாகக் கருதி எஃப்.டி.யை உடைக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா? வீட்டில் என் தாயாரும் (78), அக்காவும் இருக்கிறார்கள்.

பதில்: இரண்டும் வேண்டாம். காரைச் சீரமைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இது முதலீடு அல்ல, ஆசைச் செலவு. ஆசைக்குச் செலவழிப்பதில் தவறில்லை. ஆனால் அது மாதாமாதம் மிஞ்சும் பணத்திலிருந்து போக வேண்டும்.

உங்கள் கணக்கில் மாதம் மிஞ்சுவது 18,000. தனிநபர் கடன் 6 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் தவணை ஏறக்குறைய 13,350. மொத்தம் திருப்பிக் கட்டுவது 8 லட்சத்தைத் தாண்டும். மகள் கல்லூரிக்குள் கால் வைக்கும் ஆண்டில் உங்கள் கையில் 5,000 கூட இருக்காது. எஃப்.டி.யோ, பெயர் எழுதி வைத்த பணம். முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் அபராதம் பிடிப்பார்கள், அது சிறு தொகைதான். இரண்டு ஆண்டு கழித்து அதே 5 லட்சத்தைக் கல்விக் கடனாக வாங்க நேர்வதுதான் பெரிய நஷ்டம்.

பத்து லட்சம் என்று நண்பர் சொல்வது பெரும்பாலும் விளம்பரத்தில் கேட்கப்படும் விலையாக இருக்கும். கைமாறிய விலை வேறு. இந்தச் சந்தையில் வாங்குபவர்கள் சிலரே. நீங்கள் விற்க நினைக்கும் மாதத்தில் அவர்களில் ஒருவருக்கு ஹெரால்டு மேல் ஆசை இருக்க வேண்டும். தவிர, அப்பா வாங்கிய காரை நீங்கள் விற்பீர்களா? கடிதத்தைப் படித்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவேளை விற்றால் ஒரு நல்ல செய்தி: சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து ஆகாது. லாபத்துக்கு வரி இல்லை. நஷ்டத்தையும் கழித்துக்கொள்ள முடியாது. பழைய கார்களை வாங்கிச் சீரமைத்து விற்பதையே வழக்கமாக்கினால் அது தொழில் வருமானம், வரி உண்டு.

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அது இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் அந்தக் கார் உங்களுடையது மட்டுமல்ல. தாயாருக்கும் அக்காவுக்கும் அதில் பங்கு உண்டு. துருப்பிடித்த காருக்கு யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். ஆறு லட்சம் போட்டுப் பளபளத்த பிறகு நிலைமை மாறலாம். வாரிசுச் சான்றிதழும் இருவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வாங்கி, படிவம் 31-இல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றுங்கள். இறந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதத்துக்கு அபராதம் கேட்கலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கானது. உங்கள் கார் வயதில் தேறும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கம் போய்வர நினைத்தால் சாதாரணப் பதிவே நல்லது. எந்த வழியானாலும், மெக்கானிக் பேச்சைக் கேட்டு வேறு காரின் இன்ஜினை மாட்டிவிடாதீர்கள்.

இப்போது ஆறு லட்சம். அந்த மதிப்பீட்டை நான் நம்பவில்லை. ஹெரால்டுக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேஸி) உண்டு. உடல் பகுதிகள் அதன்மேல் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டவை. அதனால் வீட்டிலேயே கழற்றலாம். ஆனால் கழற்றும்வரை உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. இன்ஜின் பாகங்கள் பலவற்றை பிரிட்டனிலிருந்து சுங்க வரி கட்டித் தருவித்துவிடலாம், அங்கே இதன் மூல வடிவமான ட்ரையம்ப் ஹெரால்டுக்கு அபிமானிகள் ஏராளம். பின்கதவுகள் கிடைக்காது. பிரிட்டிஷ் ஹெரால்டில் நான்கு கதவு கிடையாது, அது சென்னைத் தொழிற்சாலை செய்தது. உடைத்த காரிலிருந்து தேட வேண்டும், அல்லது டிங்கரிங் கைகளில் அடித்து உருவாக்க வேண்டும். ஆகவே ஆறு என்றால் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 12,000 வீதம் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். முதலில் பெயர் மாற்றம், பிறகு துருவும் தகரமும், பிறகு பிரேக், இன்ஜின், வயரிங். ஒரு கட்டத்துக்கான பணம் சேராமல் அந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது. ஐந்தரை ஆண்டு ஆகும். பாதியில் பணம் தீர்ந்து பெட்டி பெட்டியாகக் கிடக்கும் கார், தொடாமல் நின்ற காரைவிடக் குறைந்த விலைக்கே போகும்.

பெயின்ட் கடைசி. அதை நீங்கள் அடிக்க வேண்டாம். 90,000 மிச்சம் என்ற கணக்கில் பிரைமர், பட்டி, தின்னர், கிளியர் கோட், எமரித் தாள் எதுவும் இல்லை. முதல் தடவை வழிந்துபோய் மறுபடி தேய்த்து அடிக்கும் செலவும் இல்லை. கொட்டகையில் ஆடிக் காற்று கொண்டுவரும் புழுதி முழுக்க ஈரப் பெயின்டில் உட்காரும். மழைக்காலத்தில் அடித்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வெளிறிப் பூத்துவிடும். இவற்றைவிடப் பெரிய காரணம் வேறு. இரண்டு கலவை பாலியூரித்தேன் பெயின்டை இறுக வைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலைப் பாதித்து நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். முகத்தில் கட்டும் துணியோ சாதாரண மாஸ்க்கோ அதைத் தடுக்காது; வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகக்கவசம் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் 78 வயதுத் தாயார். தின்னர் ஆவி தீப்பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் உழைப்பைக் கூலி அதிகம் பிடிக்கும் இடத்தில் போடுங்கள்: கழற்றுவது, எண் போட்டு வைப்பது, துருச் சுரண்டுவது, பழைய பெயின்டைத் தேய்த்து எடுப்பது. 1970-ஆம் ஆண்டுப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் ஊற்றியே தேயுங்கள். தேய்த்து முடித்த உடலை பூத் (புழுதி புகாத பெயின்ட் அறை) வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுத்து 1.4 லட்சத்தில் எவ்வளவு குறைப்பார் என்று கேளுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அப்பா வைத்திருந்த நிறமே இருக்கட்டும்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம். முழுப் பாலிசி எடுத்தால், ஐந்தாண்டு தாண்டிய காரின் மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வது. அப்போது பேச உங்களிடம் ஆதாரம் வேண்டும். முதல் போல்ட்டைக் கழற்றும் நாளிலிருந்தே பில்களையும் படங்களையும் ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள்.