செட்டிநாட்டுத் தூணும் ஆறாவது மாடி ஃபிளாட்டும்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது இரண்டு தேக்குத் தூண்களும் ஓர் ஊஞ்சல் பலகையும் என் பங்குக்கு வந்தன. சென்னையில் ஆறாவது மாடியில் இருக்கிறோம். ஆத்தங்குடி டைல்ஸும் போட ஆசை. “செட்டிநாடு ஹோட்டல் மாதிரி ஆகிவிடும்” என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: அவர் பயத்தில் நியாயம் உண்டு. பழைய சாமான்களைப் பார்வைக்கென்று வரிசையாக நிறுத்தினால் ஹோட்டல்தான். தினமும் கை படுகிற இடத்தில் ஒன்றிரண்டு மட்டும் இருக்கட்டும்.

முதலில் ஊஞ்சல். பிசகினால் அடிபடுவது அதில்தான். ஃபிளாட் கூரை ஸ்லாப் பெரும்பாலும் ஐந்தாறு அங்குலக் கனம். அதில் துளை போட்டு போல்ட் முடுக்கினால், ஆட ஆடத் தளரும். கொக்கி பீமில் வரட்டும். அதையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘போஸ்ட் டென்ஷன்’ ஸ்லாப் என்றால் அவரைக் கேட்காமல் டிரில்லை எடுக்கவே கூடாது. அதன் உள்ளே இழுத்து விறைப்பாக்கிய கம்பி வடம் ஓடுகிறது. ஊஞ்சல் ஆட முன்னும் பின்னும் மூன்றடியாவது இடம் வேண்டும். இல்லையென்றால் பலகைக்குக் கால் கொடுத்து ஜன்னலோரம் பெஞ்சாகப் போடுங்கள். சங்கிலி மாட்டிய ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

தூண்களை அடியில் பேப்பர் விரித்துச் சில வாரம் படுக்கவையுங்கள். மாவு மாதிரி கொட்டினால் உளுத்திருக்கிறது. மருந்தடித்த பிறகே மாடிக்கு ஏற்றுங்கள். ஹாலும் சாப்பாட்டு மேசையும் பிரிகிற இடத்தில், கல் பீடத்தின் மேல் இரண்டையும் நிறுத்தலாம். பாரம் தாங்காவிட்டாலும் மேல்முனையை இறுக்கமாகப் பிணைத்தாக வேண்டும். பிள்ளைகள் கட்டிப்பிடித்துச் சுற்றாத தூண் உண்டா!

ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டில் நிறக்கலவை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. ஆசிட் பட்டால் போச்சு. எலுமிச்சை, புளிகூடக் கறையாகும். கனமும் முக்கால் அங்குலத்துக்குக் குறையாது. இருக்கிற தரை மேலேயே பதித்தால் கதவு இடிக்கும், பெயர்த்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆகவே வாசல் நடைக்கும் பூஜை இடத்துக்கும் போதும். மற்ற தரை பூவேலை இல்லாத மங்கலான மணல் நிறம்.

விளக்கை யாரும் யோசிப்பதில்லை. 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் தேக்கு செத்த கட்டை போலத் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் வெளிச்ச விளக்காக வாங்குங்கள்.

அடுப்படியைக் கணவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம், வெள்ளை மாடுலரே இருக்கட்டும். அங்கே பித்தளைக் குடம் அடுக்க ஆசை வந்தால், புளி போட்டுத் தேய்ப்பது யார் என்பதை முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.