முழங்கால் தேய்மானம்: கை சிகிச்சையும் பயிற்சியும் – கேள்வி பதில்

லண்டனில் ஆஸ்டியோபாத்தாக, அதாவது மூட்டுகளுக்கும் தசைகளுக்கும் கையால் சிகிச்சை தருபவராகப் பணியாற்றுகிறேன். மூட்டுவலி குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். உங்களை நேரில் பரிசோதித்தவரின் சொல்லுக்கு இவை மாற்றாகா.

கேள்வி: எனக்கு 58 வயது. முழங்காலில் சவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுவதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடாதா?

தேய்ந்துவிடாது அம்மா. நீங்கள் சவ்வு என்று சொல்லும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் உள்ள வழுவழுப்பான நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது, காலை மடக்கி நீட்டும்போதும் அதன்மீது எடை ஏறி இறங்கும்போதும்தான் அந்த நீர் நன்றாகப் பரவுகிறது. வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்து, அது தாங்க வேண்டிய சுமையும் மூட்டின்மேல் விழும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் வலியும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. 45 வயதைக் கடந்தவருக்கு நடமாடும்போது வலியும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேற்படாத விறைப்பும் இருந்து, வேறு சந்தேகத்துக்கு இடமில்லையென்றால், படம் எடுக்காமலே தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்றே இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ் கூறுகிறது. 'எலும்போடு எலும்பு' என்று கேட்டதிலிருந்தே நடையைக் குறைத்துக்கொண்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். அந்தச் சொல்லைச் சற்று யோசித்துச் சொல்லலாம் என்பது என் கருத்து.

கேள்வி: ஆஸ்டியோபதியில் என்னதான் செய்வார்கள்? எலும்பைச் சரியான இடத்தில் வைப்பதாகச் சொல்கிறார்களே?

அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-இல் முன்வைத்த முறை இது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர்கள் மருந்தும் அறுவையும் செய்யும் முழு மருத்துவர்கள். பிரிட்டனில் அப்படியன்று, 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்கள் மட்டுமே ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்ளலாம், எங்கள் வேலை பெரும்பாலும் கையால்தான்.

முழங்கால் தேய்மானத்தோடு ஒருவர் வந்தால் முதலில் இடுப்பையும் கணுக்காலையும் பார்ப்பேன், ஏனெனில் இடுப்பு மூட்டின் வலி பல சமயம் முழங்காலில்தான் தெரியும். பிறகு காலை நீட்டிப் படுக்கவைத்து, முட்டிச் சில்லை இரு கட்டைவிரல்களாலும் பக்கவாட்டிலும் மேலும் கீழும் மெல்ல நகர்த்துவது, கெண்டைக்கால் எலும்பைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெதுவாக அசைப்பது, இறுகிய தொடைத் தசையைத் தளர்த்துவது என்று போகும். எந்த எலும்பும் இடம் மாறியிருக்கவில்லை. எதையும் திரும்ப வைப்பதுமில்லை. நரம்பு மண்டலம் வலியை உணரும் விதம் சிறிது நேரத்துக்குத் தணிகிறது, தசை தளர்கிறது, கால் கொஞ்சம் கூடுதலாக மடங்குகிறது.

அந்தத் தணிவு சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில நாள் நிற்கும். அதற்குள் பயிற்சி செய்தால்தான் பயன். 2022-இல் வெளியான நைஸ் வழிகாட்டலும் கை சிகிச்சையை இடுப்பு, முழங்கால் தேய்மானத்துக்கு, அதுவும் பயிற்சியோடு சேர்த்தே பரிசீலிக்கச் சொல்கிறது; தனியாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை. மேசையில் படுத்து எழுந்து போனால் போதும் என்று யாராவது மாதக் கணக்கில் வரச் சொன்னால், பயிற்சி எங்கே என்று கேளுங்கள்.

கேள்வி: சிகிச்சையில் 'டக்' என்று சத்தம் வருகிறதே, அது கெடுதலா? விரலில் சொடக்கு எடுத்தால் வாதம் வரும் என்று பாட்டி சொல்வார்.

மூட்டு நீருக்குள் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடைய சத்தம் அது. டொனால்ட் அங்கர் என்ற கலிபோர்னிய மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடக்கை விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்துவந்து, இரண்டு கைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று எழுதி, 2009-இல் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு) வாங்கினார். ஒரே ஒருவரின் சோதனைதான், ஆனாலும் அந்தப் பொறுமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். கழுத்து வலிக்கிறது என்கிறார். கழுத்தைத் திருப்பிச் சொடுக்கும் சிகிச்சைக்கு அழைத்துப் போகலாமா?

தயவுசெய்து வேண்டாம். முடக்குவாதம் தேய்மானம் போன்றதன்று; உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் நோய். கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளைக் கட்டியிருக்கும் நார்கள் அதில் தளர்ந்துபோக வாய்ப்புண்டு. வேகமாகத் திருப்பினால் தண்டுவடம் நசுங்கக்கூடும். எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் எலும்புப்புரை உள்ளவர்களுக்கும் இத்தகைய வேகமான அழுத்தம் ஆகாது. கழுத்து வலியோடு கை கால் மரத்துப்போவதோ நடையில் தள்ளாட்டமோ இருந்தால் உடனடியாக மருத்துவரிடம் காட்டுங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நோய் கட்டுக்குள் இருக்கும்போது மென்மையான பயிற்சி அவருக்கும் நல்லதே.

கேள்வி: எந்தப் பயிற்சி, எவ்வளவு? செய்யும்போது வலித்தால் நிறுத்த வேண்டுமா?

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சொல்வேன். கைப்பிடியைப் பிடிக்காமல், பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முன்னால் சாய்ந்து எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்காருங்கள். பத்து முறை முடியாவிட்டால் ஐந்து; அதுவும் கடினமென்றால் இருக்கையில் தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். எழவே முடியாத நாளில், முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதை ஐந்து விநாடி அழுத்தித் தொடையை இறுக்குங்கள்.

வலி சற்று வரத்தான் செய்யும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்காக டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய 'கிளாட்' பயிற்சித் திட்டத்தில் வலியைப் பத்துக்கு ஐந்து வரை பொறுக்கலாம் என்றும், 24 மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றும் சொல்லித் தருகிறார்கள். மறுநாளும் வலி ஏறியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அத்திட்டத்தில் வாரம் இருமுறையாக ஆறு வாரப் பயிற்சி. அதற்குமுன் பலனை எடைபோடாதீர்கள்.

உடல் பருமன் இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். வலிக்கும் பக்கமே பிடிப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். ஆஸ்டியோபாத் யாரையும் தெரியவில்லை. குளுக்கோசமின் வாங்கிச் சாப்பிடவா?

நல்ல பிசியோதெரபிஸ்ட் போதும். மூட்டைக் கையால் அசைத்துத் தளர்த்துவது அவர்கள் படிப்பிலும் உண்டு. மூட்டுக்கு நல்லதென்று விற்கும் துணை மாத்திரையான குளுக்கோசமினை நைஸ் பரிந்துரைப்பதில்லை. வலி நிவாரண ஜெல் முழங்காலுக்கு நல்ல தொடக்கம்.

கேள்வி: எப்போது இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மூட்டு திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே போங்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம். விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும் அப்படியே. காலை நேர விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டி, இரு கை விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் முடக்குவாதமா என்று விரைவில் பார்க்க வேண்டும், ஏனெனில் அதற்கான மருந்தை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மூட்டுகள் தப்பும்.