85 எடுத்த பிள்ளைக்கு இன்னொரு தேர்வு எதற்கு?

ஐயா, வணக்கம்.

நாங்கள் மதுரைப் பக்கம். டர்பன் வந்து 11 வருஷம் ஆகிறது. மகள் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது இங்கத்துப் பன்னிரண்டாம் வகுப்பு. பதினொன்றாம் வகுப்பில் ஆறு பாடத்திலும் சேர்த்துச் சராசரி 85. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கேட்டிருக்கிறாள். மெட்ரிக் மார்க் மட்டும் போதாது, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான என்பிடி என்ற தேசிய அளவுகோல் தேர்வும் எழுத வேண்டும் என்றார்கள். எழுதினாள். ஆங்கில வாசிப்பில் 68, எண்ணறிவில் 60, கணக்கில் 52. ஒரு வாரமாக அழுகிறாள். ஊரில் நீட் வேண்டாம் என்று சொன்ன நாங்கள் இங்கே வந்து இதில் மாட்டிக்கொண்டோம். போதாததற்கு, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கூடுதல் புள்ளி தருகிறார்களாம். என் பிள்ளை என்ன தப்பு செய்தாள்?

ஒரு தாய், டர்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை அவளிடமும் சொல்லுங்கள்.

அந்த 52ஐ முதலில் பார்ப்போம். மெட்ரிக் கணக்குத் தேர்வில் கால்குலேட்டர் உண்டு, என்பிடியில் கிடையாது. டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் நான் கணக்கு சொல்லித்தரும் வகுப்பில் போன மாதம் ஒரு கேள்வி போட்டேன். ஒரு சட்டையின் விலை 20 சதவீதம் குறைந்தது, அப்புறம் 20 சதவீதம் ஏறியது, இப்போது என்ன விலை? பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் 'பழைய விலைதான் சார்' என்றார்கள். 100 ரேண்ட் சட்டை 80க்கு இறங்கும். 80ல் 20 சதவீதம் 16. ஆக 96 ரேண்ட். விடையைப் பலகையில் எழுதியதும் ஒரு பையன் நம்பாமல் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தான். எல்லாரும் பள்ளியில் 80க்கு மேல் வாங்குகிறவர்கள். பழைய வினாத்தாள்களையே திரும்பத் திரும்பப் போட்டு வந்தவர்கள், அவ்வளவுதான். என்பிடியில் அடிப்படை, நடுத்தரம், தேர்ச்சி என்று மூன்று படிகள் உண்டு. 52 நடுத்தரத்தில் வரும். படிப்பைச் சமாளிக்கலாம், கொஞ்சம் கைதூக்கி விட வேண்டும் என்று அதற்குப் பொருள்.

நீட்டோடு இதைச் சேர்க்காதீர்கள். நீட்டில் பிளஸ் டூ மார்க் தகுதிக்கு மட்டும்தான். தரவரிசை முழுக்க அந்த ஒரே நாள் தேர்வில் நிற்கிறது. கேப்டவுன் மருத்துவத்தில் மொத்தம் 900 புள்ளி. மெட்ரிக்கின் ஆறு பாடங்களுக்கு 600, என்பிடியின் மூன்று மதிப்பெண்களுக்கு 300. வாழ்க்கை நெறிப் பாடம் கணக்கில் வராது. மெட்ரிக்கிலும் 85 வந்தால் உங்கள் மகளுக்கு 510ம் 180ம் சேர்ந்து 690. பன்னிரண்டு வருஷப் படிப்புக்கு அங்கே மூன்றில் இரண்டு பங்கு எடை இருக்கிறது.

இனி கூடுதல் புள்ளி. படித்த பள்ளி, பெற்றோர் படிப்பு, வீட்டுக்கு அரசு உதவித்தொகை வருகிறதா என்பதையெல்லாம் பார்த்து 10 சதவீதம் வரை ஏற்றுகிறார்கள். கிராமத்துப் பள்ளியில் 470ம் என்பிடியில் 165ம் எடுத்த பிள்ளையின் 635, முழுக் கூடுதலும் கிடைத்தால் 698.5 ஆகி உங்கள் மகளைத் தாண்டிவிடும். எல்லா இடங்களும் இப்படி நிரப்பப்படுவதில்லை. ஒரு பகுதி வெறும் புள்ளியை வைத்தே போகிறது. ஆனாலும் உங்களுக்கு வலிக்கும், தெரிகிறது.

நான் இதை நியாயம் என்றே நினைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிறவெறி ஆட்சியில், 1961ல், இந்தியருக்கென்று தனியாக ஒரு கல்லூரி திறந்தார்கள், டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் குடியிருப்பில். படகேறிப் போய்ப் படித்த தலைமுறை அது. அவர்கள் வாங்கிய 60ம், நகரத்தில் எல்லா வசதியோடும் படித்த வெள்ளைப் பிள்ளை வாங்கிய 60ம் ஒரே எடை என்று அவர்களிடம் யாராவது சொல்ல முடியுமா? லேப் இல்லாத பள்ளியில் இருந்து இயற்பியலில் 75 எடுத்து வருகிற ஜூலு பிள்ளைக்கும் அதே கணக்குத்தான்.

எனக்கு இந்த முறையில் ஒரே ஒரு கோபம் உண்டு. பள்ளி மார்க்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது, வருகிற பிள்ளைக்கு எங்கே உதவி வேண்டும் என்று பார்க்கவும்தான் என்பிடி வந்தது. அதைத் தடுப்புச் சுவராக மட்டும் வைத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. என் மாணவி ஒருத்தி கணக்கில் அடிப்படைப் படியில் இருந்தாள். ஒரு பல்கலைக்கழகம் அவளைச் சேர்த்துக்கொண்டது, அந்த மதிப்பெண்ணை மறுபடி திறந்தே பார்க்கவில்லை. முதல் வருஷமே கணக்கில் இரண்டு தாள் போய், ஜூனில் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு வருஷமாக நீட்டிய பட்டப்படிப்பில் போட்டிருந்தால் தேறியிருப்பாள். சண்டை போடுவதென்றால் இதற்குப் போட வேண்டும்.

சரி, இனி செய்ய வேண்டியது. என்பிடியை ஒரே சேர்க்கைச் சுற்றில் இரண்டு முறை எழுதலாம். கெடு தாண்டவில்லை என்றால் இன்றே பதிவு செய்யுங்கள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்துக்கும் போட்டு வையுங்கள். எந்த மார்க்குக்கு என்ன எடை என்பது இடத்துக்கு இடம் மாறும். கால்குலேட்டரை அவளிடமிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாட்ஸ்வொர்த்துக்கு அழைத்து வாருங்கள்.