லேப்டாப் கிராபிக்ஸ் கார்டை மாற்ற 35,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சீசனில் மாதம் 28,000 ரூபாய் வரை வரும். 2021 கடைசியில் வாங்கிய கேமிங் லேப்டாப் (ஐ5-11400எச், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650) 4கே ஃபைலைப் போட்டாலே திணறுகிறது. கிராபிக்ஸ் கார்டையும் பிராசஸரையும் மாற்றித் தர 35,000 ரூபாய், பாதி அட்வான்ஸ் என்கிறது ஒரு கடை. கையிருப்பு 40,000. இதைச் செய்யவா, 1,10,000 ரூபாய் பெர்சனல் லோன் போட்டுப் புதிது வாங்கவா? அம்மா தன் செயினை அடகு வைக்கலாம் என்கிறார்.

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கடைக்காரர் கார்டு என்று சொன்னாலும், உங்கள் லேப்டாப்புக்குள் கழற்றி மாட்டுகிற கார்டு என்று ஒன்று கிடையாது. கிராபிக்ஸ் சிப், அதன் 4 ஜிபி மெமரி, பிராசஸர் மூன்றுமே மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டவை. உங்களுடையது போன்ற இன்டெல் எச் வரிசை லேப்டாப் பிராசஸர்களில், கழற்றி மாட்டும் சாக்கெட் போய்ப் பத்தாண்டுக்கு மேலாகிறது. கழற்றக்கூடிய எம்எக்ஸ்எம் கார்டு பழைய விலையுயர்ந்த மாடல்கள் சிலவற்றில் இருந்தது. இன்று ஃப்ரேம்வொர்க் 16 போல ஓரிரண்டு லேப்டாப்பில்தான் கிராபிக்ஸை மாற்ற வழி உண்டு.

அப்படியானால் கடை என்ன செய்யும்? பெரும்பாலும், இதே பாடியில் வந்த உயர்ந்த மாடலின் பழைய மதர்போர்டைத் தேடிப் போடும். அதற்குச் சூட்டை வெளியேற்றும் வேறு ஹீட்சிங்க் வேண்டும், அதிக வாட் அடாப்டர் வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டால் சூட்டில் வேகம் குறைந்து பழைய கதைதான். விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு போகும். போர்டு எந்த லேப்டாப்பிலிருந்து கழற்றியது, ஏற்கெனவே சிப் சூடேற்றி ஒட்டப்பட்டதா என்பது உங்களுக்குத் தெரிய வராது. ஐந்து வயது லேப்டாப்பில் 35,000 ரூபாயை இப்படிப் போட்டால், விற்கும்போது அதில் கால்வாசிகூடத் திரும்பாது.

முதலில் எது திணறுகிறது என்று பாருங்கள். டைம்லைனை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பாதியில் நின்றால் குற்றவாளி ரேம்தான். 8 ஜிபியில் 4கே எடிட்டிங் என்றால் அப்படித்தான் இருக்கும். இன்னொன்று: கேமராமேன் கொடுப்பது எச்.265, 10-பிட், 4:2:2 என்ற வகை வீடியோ ஃபைலா? அதை உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் ஹார்டுவேரிலேயே பிரித்துக் காட்டும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை கிராபிக்ஸ் சிப்களுக்கு அது வராது. 35,000 கொடுத்து அந்தச் சிப்பைப் போட்டாலும் இந்த ஃபைலைப் பிரிக்க அது உதவாது. எடிட்டிங் சாஃப்ட்வேர் செட்டிங்கில் இப்படிப் பிரிக்கும் இன்டெல் டிகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், செலவே இல்லை. இதற்குப் பிறகும் இழுத்தால் பிராக்ஸி ஃபைல் (தரம் குறைத்த இலேசான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள்.

பிறகு வாங்க வேண்டியவை. டிடிஆர்4 3200 லேப்டாப் ரேம், 16 ஜிபி ஒன்று. காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்த பிறகே வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் இரண்டு புது ஸ்டிக் வேண்டாம். பழைய 8-ஐ அப்படியே விட்டால் 24 ஜிபி ஆகும், வேகத்தில் சின்னக் குறை இருந்தாலும் போதும். எடிட்டிங் சாஃப்ட்வேரின் தற்காலிக (cache) ஃபைல்களுக்குத் தனியாக ஒரு எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி. ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள்: கடற்காற்று ஈரத்தில் தூசி ஹீட்சிங்க் தகடுகளில் பசைபோல் படிந்துவிடும், பிராசஸர் 100 டிகிரியை நெருங்கியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லாம் சேர்த்துக் கையிருப்பில் 15,000-க்கு மேல் போகாதீர்கள். இடிக்கிறதென்றால் எஸ்எஸ்டியைத் தள்ளிப் போடலாம்.

லோன் கணக்கு இது: 1,10,000 ரூபாய், 16 சதவீதம், 24 மாதம் என்றால் தவணை 5,386, வட்டி மட்டும் 19,264. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, தவக்காலத்தில் சர்ச்சுகளில் கல்யாணம் அரிது. அந்த மாதங்களிலும் தவணை வரும். நோ-காஸ்ட் இஎம்ஐ-யும் முழுக்க இலவசமில்லை. 80,000 ரூபாய் பொருளை 12 மாதத்தில், 16 சதவீத வட்டிக் கிரெடிட் கார்டில் எடுத்தால் வட்டி மீதான ஜிஎஸ்டியே சுமார் 1,170 ரூபாய், பிராசசிங் கட்டணம் தனி. செயின் அம்மாவின் ஆபத்துக்கு உதவுகிற பொருள். ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு குறையும் லேப்டாப்புக்காக அது அடகுக்குப் போக வேண்டாம்.

மீதமுள்ள 25,000-ஐத் தொடாமல், சீசன் மாதங்களில் 6,000 ரூபாயைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். மாதம் தவறினால் அபராதம் விழும் ஆர்டி உங்கள் வருமானத்துக்குப் பொருந்தாது. ஒன்றரை ஆண்டில் சுமார் 80,000 சேரும். வேலை மேசையில்தான் நடக்கிறதென்றால் அப்போது டெஸ்க்டாப் வாங்குங்கள்: ஏஎம்டி பிராசஸருக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டு, தனி கிராபிக்ஸ் கார்டு, 1 கேவிஏ யுபிஎஸ். அதில்தான் கார்டையும் பிராசஸரையும் உண்மையிலேயே மாற்றலாம். இரண்டு மழைக்காலத்திலும் கரண்ட் போகும் ஊர். யுபிஎஸ் இல்லாமல் ரெண்டர் போட வேண்டாம்.