கை கூசும் சீவல் இயந்திரம்: ட்ரிப் சுவிட்சைத் தவிர்க்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டுத் தச்சு வேலை செய்கிறேன். 2 குதிரைவலு ஒற்றைப் பேஸ் மோட்டார் பூட்டிய பழைய சீவல் இயந்திரம் (பலகையைச் சீவுவது) ஒன்று வாங்கினேன். மின்பலகையிலிருந்து கொட்டில் 40 மீற்றர் தூரம், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருக்கிறேன். போட்டதும் உறுமிக்கொண்டு மெதுவாகத்தான் சுற்றுகிறது. வெறுங்காலுடன் நின்று தொட்டால் கை கூசுகிறது. மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. ட்ரிப்பைத் தவிர்த்து நேராகக் கொடுக்கும்படியும், எர்த்தை (கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் வயர்) நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) சேர்க்கும்படியும் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? பிறகு 3 குதிரைவலு வட்டவாளும் வாங்க விருப்பம். இணைப்பு 30 அம்பியர் ஒற்றைப் பேஸ்.

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். இன்றே அந்த இயந்திரத்தின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கை கூசுகிறது என்றால் மோட்டாரிலிருந்து கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக உங்கள் உடலைத் தவிர நல்ல வழி இல்லை என்று பொருள். ட்ரிப் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பழுது மோட்டாரிலும் எர்த்திலும் இருக்கிறது.

நம் இலங்கையில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு எர்த் வயர் தருவதில்லை. ஒவ்வொரு வளவிலும் அடிக்கும் எர்த் கம்பிதான் அந்த வீட்டின் எர்த். அந்தக் கம்பிக்கு மண்ணில் 30 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். மோட்டாரின் லைவ் வயர் உடலில் முட்டினால் ஓடக்கூடியது 230 ÷ 30, அதாவது எட்டு அம்பியர்கூட இல்லை. அளவுக்கு மிஞ்சி மின்சாரம் ஓடினால் மட்டுமே விழும் 20 அம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண சுமை, விழாது. இயந்திரத்தின் இரும்பு முழுவதும் ஏறக்குறைய 230 வோல்ற்றில் நிற்கும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ட்ரிப் மட்டுமே அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்றும். அதை எடுத்துவிட்டால் உங்களுக்கும் அந்த இரும்புக்கும் நடுவே எதுவும் இல்லை.

எர்த்தை நியூட்ரலோடு சேர்ப்பது இதைவிட மோசமானது. காற்றில் கிளை விழுந்து வெளியே நியூட்ரல் அறுந்தால், வீட்டில் ஓடும் மின்கருவிகள் வழியாகவே ஆபத்தான வோல்ற் உங்கள் இயந்திரத்தின் உடலுக்கு வரலாம். இயந்திரம் நின்றிருந்தாலும் வரும்.

எர்த்திலிருந்து தொடங்குங்கள். வன்னியில் மார்கழியில் அளக்கும் எர்த்தை நம்ப முடியாது. மழை ஈரத்தில் தடை குறைவாகக் காட்டும். ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்து வெடித்ததும் அதே கம்பி பல மடங்கு தடை காட்டலாம். ஆகவே வறண்ட காலத்தில் எர்த் சோதனைக் கருவியால் அளந்து, எண்ணை எழுதி வாங்குங்கள். கூடுதலாக இருந்தால் இன்னொரு கம்பியை, முதற் கம்பியின் நீளத்துக்காவது தள்ளி, கிணற்றடி போல ஈரம் நிற்கும் இடத்தில் அடித்து இரண்டையும் இணையுங்கள். தோண்டும்போது இனந்தெரியாத இரும்பு தென்பட்டால் கை வைக்காமல் பொலிசாருக்கு அறிவியுங்கள். போர்க்கால வெடிபொருள் மண்ணில் கிடக்கலாம் என்பதால் நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மோட்டாரை, மின்கசிவுக்கு எதிரான தடையை அளக்கும் மெகர் கருவியால் 500 வோல்ற்றில் சோதிக்கச் சொல்லுங்கள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அதை ஓட்டக்கூடாது. பழைய தச்சு இயந்திரங்களில் இணைப்புப் பெட்டிக்குள் மரத்தூள் புகுந்து ஈரம் பிடித்திருப்பது வழமை. துப்புரவாக்கி உலர்த்தினாலே பல மோட்டார்கள் தேறிவிடும். தேறாவிட்டால் கம்பியை மறுபடி சுற்றத்தான் வேண்டும்.

உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் வயர்தான். 2 குதிரைவலு மோட்டார் ஓடும்போது சுமார் 11 அம்பியர் இழுக்கும். எழும்போது, அதாவது ஓடத் தொடங்கும்போது, அதைப்போல் ஐந்து மடங்கு அல்லது அதற்கு மேல். 1.5 வயரில் ஒரு மீற்றருக்கு, ஓர் அம்பியருக்கு 29 மில்லி வோல்ற் இழப்பு. 40 மீற்றருக்கு 50 அம்பியர் ஓடினால் 58 வோல்ற் வயரிலேயே போய்விடும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்ற்றின் வர்க்கத்தோடு குறைவதால், மிஞ்சும் 172 வோல்ற்றில் அதன் பலம் பாதிக்குச் சற்று மேல்தான். முதிரை போன்ற வைரம் பாய்ந்த பலகையைக் கொடுத்தால் திணறும், சூடேறும், கடைசியில் சுற்று கருகும். 4 சதுர மில்லிமீற்றர் வயர், கடையில் 7/0.85 என்பார்கள், போட்டால் இழப்பு 22 வோல்ற்றாகக் குறையும். வட்டவாளும் வரப்போகிறது என்பதால் 6 சதுர மில்லிமீற்றராகவே (7/1.04) போடுங்கள் என்பது என் கருத்து. வயர் மாற்றியும் உறுமினால் கெப்பாசிற்றரையும் பெயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டிலில் தனிப் பலகை வைத்து, அதில் 30 மில்லி அம்பியர் ட்ரிப்பும் இயந்திரத்துக்கு மோட்டார் எழும்போது இழுப்பதைத் தாங்கும் 20 அம்பியர் சி வகைப் பிரேக்கரும் பூட்டுங்கள். ட்ரிப்பின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாதாரணச் சுவிட்சில் ஓடும் சீவல் இயந்திரம் மின்வெட்டில் நிற்கும். தூள் அடைத்திருக்கிறதே என்று கையை விடுவீர்கள். மின்சாரம் திரும்பியதும் கத்தி சுழலும். காந்தச் சுருளால் பிடித்து நிற்கும் ஸ்டார்ட்டர் பூட்டினால், மின்சாரம் போனதும் அது விடுபட்டுவிடும். பச்சைப் பொத்தானை நீங்களே அழுத்தாமல் மறுபடி ஓடாது. அதிலுள்ள மிகைச்சுமைக் காப்பை மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள அம்பியருக்குச் சரிசெய்யுங்கள். அது இருந்தாலும், கத்திப் பக்கம் கை போகுமுன் பிரேக்கரை இறக்குங்கள்.

வட்டவாள் சுமார் 16 அம்பியர் இழுக்கும். அதற்குத் தனிப் பிரேக்கர் வேண்டும். எழும்போது இழுப்பது அதிகம் என்பதால் 25 அம்பியராவது இருக்கட்டும். உங்கள் 30 அம்பியர் இணைப்பில் ஒன்றை ஓட்டும்போது மற்றதை நிறுத்திவைத்தால் சமாளிக்கலாம்; கிணற்று மோட்டாரும் அந்த நேரத்தில் ஓடக்கூடாது. மகனோ உதவியாளரோ சேர்ந்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், வாளை வாங்குமுன் உங்கள் பகுதி மின்விநியோக அலுவலகத்தில் மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைக்கும் என்று தெரிந்தபின் மூன்று பேஸ் மோட்டாருள்ள வாளையே தேடுங்கள்.